மாற்றுரை

ரயில் ஓடாத ரயிலடித் தெருவில்
டயர் கடைக்கு மேலே என் அலுவலகம்.
செந்த்-ஆந்த்ரே ஊர்க் கடைகளுக்குக்
குறிச்சொல் கட்டுவது பிழைப்பு.
காரைக்கால் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான்.
இங்கே பிழைகளைப் பொறுக்குகிறேன்.
மசாலே, மஸ்ஸாலே, மசலா, மாசாலெ.
மாதத்தில் எத்தனை பேர் எந்தத் தப்போடு
தேடுபெட்டியைத் தட்டுகிறார்கள் என்று தெரியும்.
சரியாக எழுதுகிறவர்கள் பதினேழு பேர்.
அவர்களை நம்பிக் கடை வைக்க முடியாது.

மதாம் கிஸ்லேன் லச்சுமனேன் வந்தார்.
மசாலாப் பொடி, கற்பூரம், காவடிக்கு மயிலிறகு,
தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று.
இந்தத் தீவின் வாயில் அது கலுப்பிலே.
"கலுப்பிலே, மாதம் முந்நூற்று இருபது" என்றேன்.
"மசாலே இரண்டாயிரத்து நூறு.
தமிழ்க் கடை, நாற்பது.
மலபார் கடை, தொள்ளாயிரம்."

பேனாவை மூடிவிட்டார்.

மலபார்க் கரையைக் கனவிலும் காணாதவர்கள்.
நாகூர்ப் பக்கத்து ஆள், தஞ்சாவூர் ஆள்,
எல்லாரையும் ஒரே சொல்லில் எழுதிப்போட்டான்
துறைமுகத்தில் வியர்த்துக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா.
அவன் கட்டிய குறிச்சொல்
இன்னும் முதல் பக்கத்தில் வருகிறது.

"நான் படித்த பள்ளியில் அது வசவு" என்றார் மதாம்.
"என் தம்பி அதையே சட்டையில் அச்சடித்துப்
போட்டுக்கொண்டு திரிகிறான்.
அவன் சட்டை அவனுக்கு.
என் கடையில் வேண்டாம்."

சரி என்றேன்.
தொள்ளாயிரம் பேர் ராத்திரி முழுக்க
மண்டைக்குள் வரிசையில் நின்றார்கள்.
தலைப்பில் வைக்கவில்லை. விவரிப்பிலும் இல்லை.
படங்களுக்குப் பின்னால்,
மாற்றுரை எழுதும் சந்தில் வைத்தேன்.
மலபார் மசாலே. மலபார் கற்பூரம். மலபார் கலுப்பிலே.
பதினொரு படம், பதினொரு முறை.
கண்ணுக்குத் தெரியாது, எந்திரம் மட்டும் படிக்கும்.
இருபத்து மூன்றாம் இடத்தில் கிடந்த கடை
மூன்றே வாரத்தில் நான்காம் இடம்.
மதாம் ஒரு கிலோ பொடி கொடுத்தனுப்பினார்.
ஆட்டுக்கறியில் போட்டேன். பிரமாதம்.
இரண்டாவது கவளத்திலிருந்து
கொஞ்சம் தொண்டையில் நின்றது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை
சலாஸி மலையிலிருந்து மிஸ்யே குரோந்தேன்
கடைக்குப் போன் போட்டார்.
அவருக்குப் பார்வை இல்லை.
அவருடைய கணினி பக்கத்தை வாய்விட்டு வாசிக்கும்.
படம் வந்தால், பின்னால் இருப்பதை வாசிக்கும்.
"உங்கள் கடை என்னைப் பார்த்து
பதினொரு தடவை மலபார் என்று கத்துகிறது, மதாம்.
படத்தில் என்னதான் இருக்கிறது?"
போன் ஒலிபெருக்கியில் இருந்ததாம்.
கல்லாவுக்கு முன்னால் ஆறு பேர்.

மறுநாள் படியேறி வந்தார். திட்டுவார் என்று
எழுந்து நின்றேன். நாற்காலியை இழுத்து
என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.
"முதல் படம். என்ன தெரிகிறது? அதை எழுது."
"மசாலா" என்றேன்.
"மசாலா தெரிகிறதா உனக்கு?
எனக்கு வாணலி தெரிகிறது. கைப்பிடி ஒன்று உடைந்திருக்கிறது."

வறுத்த மல்லி, ஓரத்தில் கருகியது நாலைந்து.
நியூஸ் பேப்பரில் கற்பூரம்; பேப்பரில் பாதி குதிரை.
தொட்டியில் கறிவேப்பிலை, மேல் இலையில் பூச்சிக்கடி.
அதை அழி என்றேன், வியாபாரம் கெடும் என்றேன்.
இருக்கட்டும் என்றார்.
வாசலில் வெயில், வெயிலில் பூனை.
இருட்டும் வரை எழுதினோம்.
இதையெல்லாம் உலகத்தில் யாரும் தேடுவதில்லை.
எண்ணிக்கையில் சுத்தமான பூஜ்ஜியம்.

கடை பத்தொன்பதாம் இடத்துக்குச் சரிந்தது.
போன மாதக் கட்டணத்தில் பாதிதான் தந்தார்,
நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மிஸ்யே குரோந்தேன் என்னையே அழைத்தார்.
பொடி இரண்டு பொட்டலம், கன்று ஒன்று,
பூச்சி கடிக்காததாகப் பார்த்து.
பிறகு,
"பூனை என்ன நிறம்? எழுதவில்லையே."

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சாம்பல். ஒரு காது மட்டும் வேறு.